உணவுக்குழாய் கேன்சருக்கு லைட் ட்ரீட்மெண்டா? ஊசிக்கு முன்னாடியே வீட்டை ரெடி பண்ணுங்க

உணவுக்குழாய் கேன்சர் முத்திப்போய் சோறு இறங்கல, கஞ்சி கூட எதுக்களிக்குதுன்னு ஆகும்போது ஸ்டென்ட் (அடைப்பை விரிச்சு வைக்கிற சின்னக் குழாய்) வைக்கலாம், ரேடியேஷன் குடுக்கலாம்னு டாக்டர்ங்க சொல்லுவாங்க. சில பேருக்கு போட்டோடைனமிக் தெரபிங்கிற லைட் ட்ரீட்மெண்டும் ஒரு வழி, மருந்தை ஊசியில ஏத்தி அப்புறம் கட்டி மேல லைட் அடிக்கிறது. இந்த ஸ்டேஜ்ல அது நோயை ஒழிக்கிறதுக்கு இல்ல, அடைப்பை விலக்கி விழுங்க வைக்கிறதுக்குத்தான், அதை வீட்ல எல்லாருக்கும் முதல்லயே சொல்லிடுங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இது இருக்காது, அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியோ ஜி.எச்சோ (அரசு ஆஸ்பத்திரி) எங்க காட்டுறீங்களோ அங்கயே இது ஒத்து வருமா, எங்க பண்றாங்கன்னு கேட்டுடுங்க. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல ஓட்டை விழுந்திருந்தாலோ, கட்டி பெரிய ரத்தக்குழாயை அரிச்சிருந்தாலோ பண்ண மாட்டாங்க.

மருந்து பேரு போர்ஃபிமர் சோடியம், 1995ல அமெரிக்காவுல இதுக்கு அனுமதி குடுத்தாங்க. உடம்பு எடையில கிலோவுக்கு 2 மில்லிகிராம் நரம்புல ஏத்துவாங்க, 40லேந்து 50 மணி நேரம் கழிச்சு எண்டோஸ்கோபி வழியா 630 நானோமீட்டர் சிவப்பு லேசரை கட்டி மேல அடிப்பாங்க. லைட் பட்டாதான் மருந்து வேலை செய்யும், பட்ட இடத்துல செல் சாகும். ரெண்டு மூணு நாள்ல திரும்ப எண்டோஸ்கோபி விட்டு செத்த சதையை எடுப்பாங்க, வேணும்னா இன்னொரு தடவை லைட் குடுப்பாங்க.

சிக்கல் என்னன்னா அதே மருந்து தோல்லயும் கண்ணுலயும் தங்கிடும், குறைஞ்சது 30 நாள், சிலருக்கு 90 நாளுக்கு மேல கூட. நம்ம ஊர் வெயில் சும்மாவே சுடும், இவங்களுக்கு கொஞ்ச நேரம் பட்டாலே சிவந்து வீங்கி கொப்புளம் வந்துடும். சன்ஸ்க்ரீன் வாங்கி காசை வீணாக்காதீங்க, அது தடுக்கிறது புற ஊதாக் கதிரை, இங்க சுடுறது கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமே.

அதனால ஊசி போடுற அன்னைக்கே பையில வெளிர் கலர்ல நெருக்கமா நெய்த முழுக்கை சட்டை, பேண்ட், சாக்ஸ், ஷூ, கையுறை, அகலமான தொப்பி, நல்லா கறுப்பான கூலிங் கிளாஸ் எல்லாம் இருக்கணும். அப்பா எப்பவும் வேட்டி செருப்புதான்னு சொன்னாலும் கேக்காதீங்க, கால் வெந்துடும். டிஸ்சார்ஜ் பகல்ல ஆனா இருட்டுற வரைக்கும் உள்ளயே உக்கார வெச்சு அப்புறம் கூட்டிட்டு வாங்க, ஆட்டோ வேண்டாம், சைடெல்லாம் திறந்து கிடக்கும். வீட்ல வெயில் நேரா விழுற ஜன்னலுக்கு கனமான ஸ்க்ரீன் போடுங்க, கட்டிலை அங்கேந்து தள்ளிப் போடுங்க.

ஆனா ரூமை இருட்டாக்கி உக்கார வெக்காதீங்க, பக்கத்து வீட்டு மாமி சொன்னாலும் சரி. சாதாரண டியூப் லைட் வெளிச்சம் படணும், அதுலதான் தோல்ல இருக்கிற மருந்து மெல்ல மெல்ல செத்துப் போகும். மூடி இல்லாத பல்பு கிட்டக்க போறது, பல் டாக்டரோட லைட்டு, இதெல்லாம் கூடாது.

சுகர் பிரஷர் மாத்திரை சீட்டெல்லாம் முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டுங்க, கிளிமிபிரைடு, ஹைட்ரோகுளோரோதயாசைடு, டாக்ஸிசைக்ளின் மாதிரி சிலது இந்த வெளிச்சக் கூச்சத்தை இன்னும் ஏத்தலாம், நீங்களா நிறுத்திடாதீங்க.

லைட் குடுத்த உடனே விழுங்குறது இன்னும் கஷ்டமாகும், நெஞ்சு வலிக்கும், அது வீக்கத்தால, பயப்படாதீங்க, என்ன குடுக்கலாம்னு கேட்டு தண்ணியா குடுங்க. ரத்த வாந்தி, மூச்சு வாங்குறது, குடிக்கிறப்பல்லாம் இருமல், காய்ச்சல் இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

30 நாள் முடிஞ்சதும் டாக்டரைக் கேட்டுட்டு டெஸ்ட் பண்ணலாம். பேப்பர் பையில 2 இஞ்ச் ஓட்டை போட்டு கையில மாட்டி 10 நிமிஷம் வெயில் காட்டுங்க, முகத்துல வேண்டாம். 24 மணி நேரத்துல சிவப்பு, வீக்கம், கொப்புளம் இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடலாம், இருந்தா 2 வாரம் கழிச்சு திரும்ப. பொண்ணு வீடு ஊட்டியில இருக்குன்னு அங்க டெஸ்ட் பண்ணிட்டு வந்தாலும் சென்னையில இறங்குனதும் இன்னொரு தடவை பண்ணிடுங்க.