புனோம் பென்னில் முதல் வாரம்: தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னுக்குப் புதுத் தன்னார்வலர்கள் வந்து இறங்குவார்கள். நான் செய்த அசட்டுத்தனங்களையே, நான் செய்த வரிசை மாறாமல் செய்வார்கள். பாஸ்போர்ட் நகல், தடுப்பூசி, கொசுவலை பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"வெயில் நமக்குப் புதிதா?"

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு பள்ளி நூலகத்துக்கு வண்ணம் பூசும் வேலை. நான் வந்த இரண்டாம் நாள் பதினொன்றரை மணிக்கே உள்ளூர்க்காரர்கள் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டார்கள். வாசலில் நின்ற டுக் டுக் ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே கம்பிக்குக் கம்பி தூளி கட்டி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. "போங், சம்ராக்" என்றார் ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண். இந்த ஊரின் கெமர் மொழியில் போங் என்றால் அண்ணனும் அக்காவும்தான். சம்ராக் என்றால் ஓய்வு. மதுரைக்காரனுக்கு வெயிலைப் பற்றிப் பாடமா என்று சிரித்துவிட்டு ஏணியில் ஏறினேன்.

மதுரையில் வியர்வை சீக்கிரம் காயும்; காயும்போது உடம்பு குளிரும். மேக்கோங் ஆறும் தொன்லே சாப் ஆறும் சேரும் இந்த ஊரில் காற்றே ஈரமாக நிற்கிறது. வியர்வை வழியுமே தவிர, காயாது. அதுவும் போக, மதுரையை விட்டு ஆறு ஆண்டுகளாக நான் பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவன். பிறந்த ஊரைச் சொன்னால் உடம்பு கேட்குமா? சில வாரங்கள் விலகியிருந்தாலே வெயில் பழக்கம் போய்விடும். திரும்பப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்.

தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தேன். உப்பைப் பற்றி நினைக்கவே இல்லை. மூன்று மணிக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது, பிறகு வாந்தி. இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு என்னை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மூன்று நாள் படுக்கை, அவர்களுக்கு எனக்குக் காவல். அதற்குள் கெமர் புத்தாண்டு வந்துவிட்டது (நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும்). விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்தபோது நூலகத்தில் ஒரு சுவர் மஞ்சள், மூன்று சுவர்கள் பழைய அழுக்கு. உதவ வந்தவன் செய்த உதவி அது.

வெயில் வேலைக்குப் புதியவர்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு கணக்குச் சொல்கிறது: முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. அப்படியானால் ஐந்தாம் நாள்தான் முழு வேலை. விடிந்ததும் தொடங்குங்கள், பதினொன்றரைக்கு நிறுத்துங்கள். சந்தையில் கிராமா என்று கட்டம் போட்ட பருத்தித் துண்டு கிடைக்கும், நம் துண்டேதான். நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வியர்த்துக் கொட்டினால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடியுங்கள். யாருக்காவது பேச்சு குழறினால், நிதானம் தப்பினால், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். "எங்கள் ஊரிலும் வெயில்தான் அண்ணா" என்றான். எந்த ஊர் என்று கேட்டேன். கோயம்புத்தூராம். ஏணியைப் பூட்டி வைத்துவிட்டேன்.

முகவரியை நம்புவது

பெரும்பாலான தெருக்களுக்கு எண்தான் பெயர். ஒற்றைப்படை எண் என்றால் வடக்கு தெற்கு, இரட்டைப்படை என்றால் கிழக்கு மேற்கு. அதுவரை அழகு. வீட்டு எண்கள் மட்டும் வரிசையில் இருக்காது; ஒரே தெருவில் ஒரே எண் இரண்டு வீடுகளுக்கு இருக்கும். பழைய எண், புதிய எண் பார்த்துப் பழகிய சென்னைவாசிக்கே தலை சுற்றும். பக்கத்தில் இருக்கும் புத்த விகாரையின் பெயரையோ சந்தையின் பெயரையோ சொல்லுங்கள்.

கிழிந்த டாலர்

இங்கே டாலரும் செல்லும், ரியலும் செல்லும். சுமார் 4,000 ரியல் ஒரு டாலர். ஆனால் ஓரத்தில் நூலளவு கிழிந்த டாலர் நோட்டைக் கடைக்காரர் தொட மாட்டார். உங்களிடம் தள்ளிவிட மட்டும் பார்ப்பார். விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

சாலையைக் கடக்கும்போது

வண்டிகள் வலப்பக்கம் ஓடும் ஊர். முதலில் இடப்புறம் பாருங்கள். வலப்புறமும் பாருங்கள், மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையிலும் வரும்.

காய்ச்சலுக்குக் கைக்குக் கிடைத்த மாத்திரை

டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும். பிறகு ரத்தப் பரிசோதனை.

ஒரு வாரம் அநாதை இல்லத்தில் சேவை

வேண்டாம். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். நம் சேவை அவர்களை வீட்டிலிருந்து பிரித்து வைக்கத்தான் உதவும்.

நண்பகல் பன்னிரண்டுக்குக் கூட்டம் வைப்பது

நீங்கள் மட்டும்தான் வருவீர்கள்.