அப்பத்தாவுக்கு ஃப்ளூ ஊசி: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

"போன வருஷம் போட்டும் காய்ச்சல் வந்துச்சு. இந்த வருஷம் எனக்கு வேணாம்." காரைக்குடிப் பக்கம் பெரியவர்களிடம் ஃப்ளூ ஊசி என்று பேச்செடுத்தால் முதலில் வருவது இதுதான். எங்கள் அப்பத்தாவும் பட்டாலையில் காலை நீட்டிக்கொண்டு இதையேதான் சொன்னார். முடிவு தப்பு, கவனித்தது தப்பில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசி, இளவட்டங்களுக்கு வேலை செய்கிற அளவு வேலை செய்யாது.

காரணம் இதுதான்: மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் என்ற ரத்த வெள்ளை அணுக்கள் பயிற்சி பெற்று வெளியே வருவது அங்கிருந்துதான். பருவ வயதிலிருந்தே அது சுருங்கிக் கொழுப்பாகிக்கொண்டே போகும். எழுபதில், புதுக் கிருமியை எதிர்கொள்ளும் செல்கள் சொற்பம். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருப்பவை ஏராளம். பர்மாக் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி: பழைய பற்று வரவெல்லாம் மனப்பாடம், நேற்று வந்த ஆளின் பெயர் நிற்காது. ஃப்ளூ வைரஸோ ஓயாமல் வேஷம் மாற்றும். (பழைய கணக்கும் சில நேரம் கைகொடுக்கும். 2009 பன்றிக் காய்ச்சல் முதியவர்களை அவ்வளவாகத் தொற்றவில்லை. 1957க்கு முன் சுற்றிய, அதே எச்1என்1 குடும்பத்து ஃப்ளூ வகைகளை அவர்கள் உடம்பு சின்ன வயதிலேயே பார்த்திருந்தது.)

அதனால் காய்ச்சல் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்து ஊசியை எடைபோடக் கூடாது. வந்த காய்ச்சல் ஃப்ளூதானா என்பதே முதல் கேள்வி. ஃப்ளூவே என்றாலும் அது நிமோனியா வரை, ஆஸ்பத்திரி வரை போகாமல் இருக்கத்தான் ஊசி. 2018இல் வந்த ஒரு கனடா ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 6 மடங்காக இருந்தது. 'சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, ஊசி ஆகாது' என்பது தலைகீழ் நியாயம். அவர்களுக்குத்தான் முதலில் போட வேண்டும்.

அடுத்தது, நாள் பார்க்காமல் போடுவது. சிங்கப்பூரிலிருந்து பேரன் பேத்திகள் மார்கழியில் வருகிறார்கள் என்று முந்தின நாள் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வார்கள். எதிர்ப்புச் சக்தி ஊற இரண்டு வாரமாவது ஆகும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிற வீட்டில் இதை எண்ணத் தெரியாதா? நம் பக்கம் ஐப்பசி மழையோடு ஃப்ளூவும் ஏறும். புரட்டாசியிலேயே போட்டுவிடுவது நல்லது.

ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதாது. சில மாதங்களிலேயே வீரியம் இறங்கும். ஊசியில் எந்த ஃப்ளூ வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை புதிதாகச் சொல்கிறது. நிமோனியா ஊசி வேறு, இது வேறு.

முதியவர்களுக்கென்றே வீரியம் கூட்டிய ஊசியும் உண்டு. சாதாரண ஊசியில் ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம் என்றால் இதில் 60. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், சாதாரண ஊசியைவிட 24 சதவீதம் கூடுதலாக ஃப்ளூவைத் தடுத்தது. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் அப்பத்தா கையை நீட்டினார். குத்தி முடித்ததும், கூடவே தங்கிச் சமைத்துப்போடும் அக்காவைக் காட்டி, "நாள் முழுக்க எங்கூடவே இருக்கிறவ இவ. இவளுக்குப் போடலயா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.