பள்ளியை விட்டவரிடம் முதலில் கேட்க வேண்டியது

பள்ளியைப் பாதியில் நிறுத்திய இளைஞரிடம் "ஏன் நின்றாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதை எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். "எந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை?" என்று கேளுங்கள்.

தச்சு வேலை என்கிறாரா? அளவு நாடாவைக் கையில் கொடுத்து, 240 சென்டிமீட்டர் பலகையில் 35 சென்டிமீட்டர் துண்டுகள் எத்தனை வரும் என்று பார்க்கச் சொல்லுங்கள். 6 துண்டு போக மிச்சம் 30 வர வேண்டும். ஆனால் அறுத்துப் பார்த்தால் அதைவிடச் சற்றுக் குறையும். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் கொஞ்சம் தூளாக்கிவிடுகிறது. ஏன் குறைந்தது என்று அவரே யோசிக்கட்டும். வகுப்பில் பயமுறுத்திய வகுத்தல் இப்போது அவருக்கே தேவைப்படும்.

அப்புறம் சான்றிதழ். திறந்தநிலைப் பள்ளி, தனித்தேர்வர் முறை பல நாடுகளில் உண்டு. தினமும் வகுப்புக்குப் போக வேண்டாம். பாடம் பாடமாக எழுத அனுமதி இருந்தால், நன்றாக வரும் ஒன்றை முதலில் எழுதட்டும். அந்தத் தேர்ச்சி தரும் தெம்பு சாதாரணமானதல்ல. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

தொழில் பழகும் இடத்தில் உதவித்தொகை உண்டா என்பதையும் கட்டாயம் விசாரியுங்கள். கையில் கொஞ்சமாவது காசு வந்தால்தான் பயிற்சி முடியும்வரை தாக்குப்பிடிக்க முடியும்.