பூஸ்டர் போட்ட பிள்ளைகளின் உமிழ்நீரில் ஆன்டிபாடி அளப்பது எப்படி?

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், ஆன்டிபாடியை (கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதத்தை) நிறமாற்றத்தால் அளக்கும் எலைசா சோதனையின் தட்டைக் கண்டு மிரளுகிறார்கள். அதைப் பழகிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், பாதி மாதிரிகள் கெடுவது குழாய்க்குள் விழும் முன்பே. சிங்கப்பூரில் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம், கொவிட்-19 பூஸ்டர் தடுப்பூசியை ஒட்டி மாதிரி எடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒப்புதல். 21 வயதுக்குட்பட்டவர்களை ஆய்வில் சேர்க்க, 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி பொதுவாகப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். பிள்ளையிடமும் கேளுங்கள். நண்பர்கள் பார்க்க எச்சில் வடிக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு திரை போட்டுக் கொடுங்கள்.

பூஸ்டருக்கு முன்பே ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் அளவு மிகவும் மாறும் என்பதால், முன்மாதிரி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, அதே நேரத்தில் அடுத்தது. உமிழ்நீரில் முக்கியமாக இருக்கும் ஆன்டிபாடி வகையான ஐஜிஏ காலையில் கூடுதலாக இருக்கும்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவு, பானம், பல் துலக்கல் கூடாது. சூயிங்கமும் கூடாது என்று வெளிநாட்டுக் கையேடுகள் எச்சரிக்கும். சிங்கப்பூரில் அதன் விற்பனைக்குத் தடை இருப்பதால் நமக்கு அந்தக் கவலை குறைவு. நம் கவலை பள்ளி உணவகத்து ஐஸ் மைலோ. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு தலையைச் சற்றுக் குனிந்து, வாயில் ஊறுவதைக் காறாமல், உறிஞ்சாமல் குழாய்க்குள் வழியவிட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் போதும். எத்தனை நிமிடம் ஆனது என்று குறியுங்கள். மெல்ல ஊறும் உமிழ்நீரில் ஐஜிஏ செறிவாகத் தெரியும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் ஈறு கசிந்திருக்கிறது. பல்கம்பி மாட்டிய பிள்ளைகளிடம் இது சகஜம். இரத்தத்தின் முக்கிய ஆன்டிபாடி வகையான ஐஜிஜி, அங்கே உமிழ்நீரைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம். சிறிது இரத்தம் கலந்தாலும் அளவு தவறிவிடும், அதனால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்.

உடனே ஐஸ் பெட்டி, பிறகு மைனஸ் 80 டிகிரி. சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறையவையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. உருகியதும் மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் கொழகொழப்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை எடுங்கள்.

எலைசா வழக்கம்போலத்தான்: ஸ்பைக் புரதம் (கிருமியின் மேற்பரப்பு முள்) பூசிய தட்டு, தட்டில் மீந்த காலி இடங்களை அடைக்கும் வேறொரு புரதம், இரத்தநீரைவிட மிகக் குறைவாக நீர்த்த மாதிரி, ஐஜிஏவுக்கும் ஐஜிஜிக்கும் தனித்தனி நொதி இணைத்த ஆன்டிபாடி. நிறம் தரும் கரைசலை விட்டால் நீலம் வரும், அமிலம் விட்டால் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படியுங்கள். ஒப்பீட்டுக்குப் பெருந்தொற்றுக்கு முந்தைய உமிழ்நீர் கிடைத்தால் மிக நல்லது.

கணக்கில், ஸ்பைக்கில் ஒட்டும் ஐஜிஏவை அதே மாதிரியின் மொத்த ஐஜிஏவால் வகுங்கள். கையில் போடும் ஊசிக்குப் பிறகு, இரத்தத்திலிருந்து ஈறு வழியாகக் கசியும் ஐஜிஜிதான் தெளிவாக ஏறும். உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே உருவாகும் ஐஜிஏ அவ்வளவு ஏறாது. ஐஜிஏ திடீரென்று எகிறினால், இடையில் தொற்று வந்ததா என்று சந்தேகப்படுங்கள். எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் (ஃபைசர், மொடர்னா) கிருமியின் உட்புறப் புரதமான நியூக்ளியோகேப்சிட் இல்லை. அதற்கெதிரான ஆன்டிபாடி தெரிந்தால் அது தொற்றின் தடம். சினோவேக் போட்டவர்களிடம் இப்படிப் பிரித்தறிய முடியாது, அதில் செயலிழக்கச் செய்த முழுக் கிருமியும் இருக்கிறது. ஆகவே எந்தத் தடுப்பூசி என்பதை முதல் நாளே படிவத்தில் எழுதி வாங்குங்கள்.