சில்வர் ஃபால்ஸ்: பத்து அருவிகளையும் சுற்றி நடக்க

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், சேலம் நகருக்குக் கிழக்கே இருக்கிறது சில்வர் ஃபால்ஸ் மாநிலப் பூங்கா. பத்து அருவிகளைத் தொடும் சுற்றுப்பாதை ஏறத்தாழ 11.5 கி.மீ.; நின்று பார்த்து நடக்க நான்கு மணி நேரமாவது வேண்டும்.

சவுத் ஃபால்ஸ் வாகன நிறுத்தத்தில் தொடங்குங்கள். 54 மீட்டர் உயர அருவிக்குப் பின்னாலேயே, ஒரு குடைவு வழியாகப் பாதை போகிறது. மேலே கெட்டியான எரிமலைப் பாறை; அடியிலுள்ள இளகிய அடுக்கு அரிக்கப்பட்டதால் உண்டான குடைவு அது. சாரல் தெறிக்கும், கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

அடுத்து லோயர் சவுத் ஃபால்ஸுக்குச் செங்குத்தான படிக்கட்டு இறங்குகிறது. பலர் வழுக்குவது இங்கேதான்: ஈரக் கல், மேலே பாசி, காலில் தேய்ந்த ஷூ. ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பாகம் அவசியம். இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

அந்த அருவியைத் தாண்டியதும் முடிவெடுங்கள். முழங்கால் வலித்தால் மேப்பிள் ரிட்ஜ் பாதையில் ஏறித் திரும்பலாம். மொத்தம் சுமார் 4 கி.மீ.தான். இன்னும் தெம்பிருந்தால் மிடில் நார்த் ஃபால்ஸ் வரை போய், வின்டர் ஃபால்ஸ் வழியாக மேலேறலாம். கோடையில் வின்டர் ஃபால்ஸ் நூலாக இளைத்துவிடும், அதைப் பார்க்கவென்றே போகாதீர்கள். இப்படிப் பாதியில் மேலேறினால், நார்த் ஃபால்ஸின் பின்னாலுள்ள குகையைத் தவறவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

அருவிகளை ஒட்டிப் போகும் இந்தப் பள்ளத்தாக்குப் பாதையில் நாய்களுக்கு அனுமதியில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, மாற்றுக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிர் நாட்களில் சாரல் உறைந்து பாதை பனிக்கட்டியாகிவிடும். கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று பூங்கா அறிவிப்பைப் பாருங்கள்.