பவாய் ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் எம்.டெக்: கோட்டை விடும் இடம்

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் நல்ல ஸ்கோர் வந்ததும் மும்பைப் பிள்ளைகள் பலர் சீட் ஆஃபர்களுக்கான பொதுத் தளமான கோயாப்பில் (COAP) பதிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது விண்ணப்பம் அல்ல. சீட் ஆஃபரை ஏற்கவோ மறுக்கவோ மட்டுமே. பவாய் ஐ.ஐ.டி.க்கும் (ஐ.ஐ.டி. பாம்பே) பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.க்கும் (இந்திய அறிவியல் கழகம்) அவரவர் தளத்தில் தனித்தனியே விண்ணப்பித்து, கோயாப் எண்ணையும் சேர்க்க வேண்டும். மும்பை மாதுங்காவில் உள்ள ஐ.சி.டி.க்கு (இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி) வழியே வேறு.

ஆஃபர் வந்தால் ‘அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்’ அழுத்தும் முன் யோசியுங்கள். பிறகு அடுத்த சுற்று கிடையாது. ‘ரிஜெக்ட்’ செய்த சீட் திரும்பி வராது. கையில் வைத்துக் காத்திருக்க ‘ரீடெயின் அண்ட் வெயிட்’.

பவாயில் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட்) சீட் என்றால் படிப்பு 2 ஆண்டு, ஆர்.ஏ. (ரிசர்ச் அசிஸ்டன்ட்) என்றால் 3. வேலைக்கு அவசரமென்றால் ஆர்.ஏ. வேண்டாம். கேட் ஸ்கோர் 3 ஆண்டு செல்லும், பதற்றம் வேண்டாம்.