ஹெபடைடிஸ் பி ஊசி: மூன்று டோஸ் போட்டதோடு முடிந்ததா?

ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி பற்றி, வார்டுக்குப் புதிதாக வரும் நர்சிங் மாணவியரிடம் கேட்டால், "மூன்று டோஸும் போட்டாயிற்று, சிஸ்டர்" என்று உடனே பதில் வரும். "ஊசி பிடித்ததா, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்த்தீர்களா?" என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விழித்தேன். இந்த ஊசி விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் இவை.

ரத்தம் பார்க்காமல் விடுவது

நாற்பது வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமானவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மூன்றாவது டோஸுக்குப் பின் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. மீதிச் சிலருக்கு வருவதில்லை. வயது, புகைப்பழக்கம், உடல்பருமன் ஆகியவை அந்தச் சிலரைக் கூட்டும். ஆனால் யார் அவர் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்தோடு புழங்குகிறவர்கள் கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) அளவைப் பார்த்துவிட வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் போதும்.

நான் பார்க்கவில்லை. ஆறு வருடம் கழித்து ஓர் இரவுப் பணியில், பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப்போய் (அது இன்னொரு மடத்தனம்) கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலில் ஏறியது. நோயாளியின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் 'பாசிட்டிவ்'. என் ரத்தத்தில் வந்த எண் 4.

ஊசி பிடிக்கவே இல்லையா, பிடித்துப் பிறகு இறங்கியதா? இரண்டுக்கும் 4 வரலாம். முன்பு 10 இருந்ததற்கு ஒரு ரிப்போர்ட் இருந்தால் கவலையில்லை; எண் இறங்கினாலும் உடல் வைரஸை மறப்பதில்லை. என்னிடம் ரிப்போர்ட் இல்லை. விளைவு: சம்பளத்தைக் கடித்த இம்யூனோகுளோபுலின் (ஆயத்த ஆன்டிபாடி) ஊசி, மறுபடி மூன்று டோஸ், ஆறு மாதம் பரிசோதனை. அதுவரை வீட்டில் நகவெட்டியைக்கூடத் தனியாக வைத்திருந்தேன். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தீர்ந்திருக்கும். இன்றும் எரிச்சல்தான்.

ஆறாவது மாதம் போடும் மூன்றாவது டோஸை மறப்பது

இரண்டு டோஸில் முக்கால்வாசிப் பேருக்குத்தான் பாதுகாப்பு. தாமதமானால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்; முதலிலிருந்து தேவையில்லை.

இடுப்பில் போடுவது

கூடாது. மேற்கைத் தசையில்தான்.

ஃபிரீசரில் வைப்பது

உறைந்த மருந்து குப்பைக்கு.

ஆன்டிபாடி எண் 10-ஐத் தொடாத ஆளைக் கைவிடுவது

இன்னொரு சுற்று மூன்று டோஸ் போட்டால் பலருக்கு ஏறிவிடும். அப்போதும் ஏறவில்லையென்றால், மருந்தைக் குறை சொல்வதற்கு முன் அவர் உடலில் வைரஸ் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்.